மீட்டருக்குத் தெரியாமல் போகிற காற்று

மல்டிமீட்டர் வாங்கிய எவரும் முதல் வாரத்திலேயே வீட்டில் ஒரு பேயைப் பார்த்துவிடுவார்கள். கூரையில் பழைய மின்விசிறி இருந்த இடத்தில் ஒயர் தொங்குகிறது. எதனோடும் இணைப்பில்லை, சுவிட்சும் அணைத்தாயிற்று. ஆனாலும் மீட்டரை வைத்தால் 70 வோல்ட், 80 வோல்ட் என்று காட்டுகிறது. கையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, மீட்டர் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடுவோம்.

மீட்டர் கெடவில்லை. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகாஓம். ஒரே குழாய்க்குள் பக்கத்தில் ஓடும் 230 வோல்ட் ஒயரும் இந்த அநாதை ஒயரும் சேர்ந்து ஒரு சின்னக் கப்பாசிட்டர் ஆகிவிடுகின்றன. அதன் வழியே வரும் மின்னோட்டம் மைக்ரோஆம்பியர் கணக்கில்தான் இருக்கும், எந்தப் பல்பையும் எரிக்காது. ஆனால் 10 மெகாஓம் மீட்டருக்கு அதுவே தாராளம். நல்ல மீட்டர்களில் ‘லோ இசட்’ என்று ஒரு நிலை இருக்கும். அது உள்தடையைச் சில ஆயிரம் ஓம்களுக்கு இறக்கிவிடும். அதில் வைத்தவுடன் 80 வோல்ட் ஒன்றுமில்லாமல் போய்விடும். (பேய்தானே என்று கையை வைத்துவிடாதீர்கள். சுவருக்குள் ஓடும் ஒயரிங் வேலைக்குச் சிங்கப்பூரில் உரிமம் பெற்ற எலக்ட்ரிஷியன்தான் வர வேண்டும். நான் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

மீட்டர் தனக்குள் வருவதைத்தான் அளக்கிறது. எங்கிருந்து வந்தது, எவ்வளவு வேறு வழியில் போனது என்று அதற்குத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் காரின் முன்மூடிக்குக் கீழே உள்ள பல குழப்பங்கள் விலகிவிடும். என் மச்சானின் கார்க் கதையைச் சொல்வதும் இதற்காகத்தான்.

பத்தாண்டு சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க ஏலத்தில் வாங்கும் உரிமச் சான்றிதழ்) முடிந்து, ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த 1600 சிசி கார் அது. 2023 அக்டோபரில் சின்னக் கார்களின் சிஓஇ ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியதைப் பார்த்தவர்களுக்கு, இங்கே ஏன் இத்தனை பேர் பழைய காரைக் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று விளக்கத் தேவையில்லை. ஐந்தாண்டுப் புதுப்பிப்பை மறுபடி நீட்டிக்க முடியாது. அதனால் பெரிய செலவு செய்யவும் மனம் வராது, சும்மா விடவும் முடியாது.

வரிசையாக நடந்தது இது. முதலில் ஏசி குளிர்ச்சி போனது. மச்சான் சில வாரம் கண்ணாடியை இறக்கிவிட்டு வேர்த்து வடிந்துகொண்டு ஓட்டினான். அந்தச் சமயத்தில் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். பி0171 என்ற பிழைக்குறியீடு வந்தது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. காற்றை அளக்கும் மாஃப் சென்சார் போய்விட்டது என்று புதிதாக ஒன்று போட்டார்கள். சில நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. அதற்குள் வேறொரு கடையில் ஏசி சரியாயிற்று. விளக்கும் தானாக அணைந்தது! ஏசிக்காரருக்குப் புகழ் சேர்ந்தது. ஆனால் சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்கும்போது வண்டி லேசாக நடுங்குவது மட்டும் போகவில்லை.

“எஞ்சினைத் தாங்குற மௌண்ட் மாத்தணும்னு சொல்றாங்க மாமா. மாத்திடலாமா?”

“முதல்ல அளந்து பாப்போம்டா.”

மாஃப் சென்சாரை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். காற்று வடிகட்டிக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்றுக்குத் திறக்கும் கதவு) நடுவே உள்ள குழாயில் அது உட்கார்ந்திருக்கிறது. உள்ளே தலைமுடியளவு மெல்லிய கம்பி, அல்லது மெல்லிய படலம். வருகிற காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு சூடாக அதை வைத்திருக்கிறது ஒரு மின்சுற்று. காற்று அதிகம் போனால் கம்பி குளிரும், சூட்டைத் தக்கவைக்கக் கூடுதல் மின்னோட்டம் வேண்டும். அந்த மின்னோட்டம்தான் காற்றின் அளவு. ஜேசியில் (இங்குள்ள தொடக்கக் கல்லூரி) இயற்பியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், தடைகளை ஒப்பிட்டு அளக்கும் வீட்ஸ்டன் பாலம்தான் இதன் உள்ளே வேலை செய்வது. 1833இல் சாமுவேல் ஹன்ட்டர் கிறிஸ்டி கண்டுபிடித்து, வீட்ஸ்டன் பிரபலமாக்கிய அதே பாலம். எழுபதுகளின் எல்-ஜெட்ரானிக் (பாஷின் பெட்ரோல் ஊற்றும் முறை) வண்டிகளில் காற்று ஒரு தட்டியைத் தள்ளித் திறக்கும். அந்தத் தட்டியின் வேலையைத்தான் இந்தக் கம்பி எடுத்துக்கொண்டது.

என்னைக் கேட்டால், மாஃப் என்பது காற்றுக்கு வைத்த ஆம்மீட்டர். வோல்ட்மீட்டர் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். ஆம்மீட்டர் பாதையின் குறுக்கே உட்கார வேண்டும், எல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். இன்னொரு வழி திறந்துவிட்டால் ஆம்மீட்டர் காட்டுவது குறையும். அது சொல்வது பொய்யில்லை, பாதிக் கணக்கு. எஞ்சினின் கணினியான ஈசியூ அந்தப் பாதிக் கணக்கை நம்பிப் பெட்ரோல் ஊற்றும். ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்பது கணக்கு. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், கணக்கு உதைக்கிறது என்று சொல்லும். ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். எத்தனை சதவீதம் கூட்டியது என்பதுதான் ட்ரிம். காரின் கணினியோடு பேசும் விலை குறைந்த புளூடூத் ஓபிடி கருவியும் கைப்பேசியும் இருந்தால் யாரும் பார்த்துவிடலாம்.

அளக்கும் முன் ஒரு கணக்குப் போட்டுவைப்பது என் வழக்கம். எவ்வளவு வர வேண்டும் என்று தெரியாமல் எண்ணைப் பார்த்து என்ன பிரயோஜனம்? நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவை இழுக்கும். வண்டி நிற்கும்போது எஞ்சின் சும்மா ஓடும் ஐட்லிங் நிமிடத்துக்கு 700 சுற்று என்றால், 350 முறை 1.6 லிட்டர், அதாவது நொடிக்கு 9 லிட்டர் சொச்சம். சிங்கப்பூரின் 30 டிகிரி காற்று லிட்டருக்கு 1.16 கிராம், ஆகவே 11 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் ஐட்லிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், மேனிஃபோல்டின், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாயின், அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்குதான். சிலிண்டர் முழுக்க நிரம்பாததையும் கழித்தால் நொடிக்கு 2 முதல் 3 கிராம் வர வேண்டும். இதே எஞ்சினை 6000 சுற்றுக்கு முழுதாக மிதித்தால் 80 கிராம் பக்கம் போகும். எரிபொருள் ஊற்றும் கணக்கு இவ்வளவு அகலமான எல்லைக்குள் நடக்கிறது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் ஒரு ஞாயிறு காலை. அங்கே பழுதுபார்க்கும் வேலை செய்யக் கூடாது. ஸ்பானரைத் தொடாமல் எண்களை மட்டும் குறித்தோம். ஏசியை அணைக்கச் சொன்னேன், அவனுக்கு முகம் சுருங்கியது. எஞ்சின் நன்றாகச் சூடான பின், கியர் ‘பி’யில் (பார்க்) ஐட்லிங்கில் மாஃப் நொடிக்கு 2.2 கிராம். நம் கணக்குக்குள்தான் இருக்கிறது. அப்போதைக்கான ட்ரிம், நீண்டகால ட்ரிம் இரண்டையும் கூட்டினால் +12. 2500 சுற்றில் பிடித்துவைத்தால் மாஃப் 7 கிராம், ட்ரிம் +4. ஹேண்ட்பிரேக்கையும் கால்பிரேக்கையும் பிடித்துக்கொண்டு ‘டி’யில் (டிரைவ்) போட்டால் மாஃப் 2.4, ட்ரிம் +21.

இந்த மூன்று எண்ணிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. 2.2இல் 12 சதவீதம் என்றால் 0.26 கிராம். 7இல் 4 சதவீதம் என்றால் 0.28. கிட்டத்தட்ட ஒன்றே. சுற்று மூன்று மடங்கானாலும் கணக்கில் வராத காற்று மட்டும் மாறவில்லை! த்ராட்டிலுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டை இப்படித்தான் நடந்துகொள்ளும். உள்ளே அழுத்தம் வெளி அழுத்தத்தில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே போய்விட்டால், ஓட்டையில் நுழையும் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டு அதற்கு மேல் கூட மறுத்துவிடும். மின்னணுக்காரர்கள் மொழியில் சொன்னால், மாறாத மின்னோட்டம் தரும் மூலம்.

ஓட்டை த்ராட்டிலுக்கு முன்னால், மாஃபை ஒட்டிய ரப்பர்க் குழாயில் இருந்தால் கதை வேறு. அங்கே அழுத்த வித்தியாசம் கொஞ்சம்தான். ஆம்மீட்டருக்குப் பக்க இணைப்பாக ஒரு ரெசிஸ்டர் போட்டதுபோல, எவ்வளவு காற்று போனாலும் அதில் ஒரு பங்கைத் திருடும். ட்ரிம் ஐட்லிங்கிலும் வேகத்திலும் ஏறக்குறைய ஒரே சதவீதம் ஏறும். மாஃப் அழுக்கேறி மந்தமானாலோ, பெட்ரோல் பம்ப் தளர்ந்தாலோ, ஐட்லிங்கில் ஒன்றும் தெரியாது, மேட்டில் ஏறும்போது ட்ரிம் எகிறும். இவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரு திருப்புளிகூடத் தேவையில்லை.

சரி, ‘டி’யில் +21 எப்படி? ‘டி’யில் எஞ்சினுக்குச் சுமை கூடுகிறது, காற்றும் சற்றுக் கூடுகிறது. அதே ஓட்டை என்றால் சதவீதம் குறைய வேண்டும். கூடியது என்றால் ஓட்டையே பெரிதாகிறது. கியர் விழுந்தவுடன் எஞ்சின் மௌண்டின் மேல் ஒரு பக்கமாகச் சாயும். எஞ்சினோடு சாயாமல் வண்டியின் உடம்போடு நிற்கும் ஏதோ ஒன்றுக்குப் போகும் குழாய் இழுபடுகிறது. மேனிஃபோல்டிலிருந்து, பிரேக் மிதிக்கு வலு சேர்க்கும் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயைத் தவிர வேறு எதை முதலில் சந்தேகிப்பது?

பிரேக் என்றதும் விளையாட்டு முடிந்தது. எஞ்சினை அணைத்து, பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதித்து, மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கியது, பூஸ்டர் உயிரோடுதான் இருக்கிறது. கார் நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. (யாரோ ஊதுபத்தியைக் கொளுத்திப் புகை எங்கே இழுபடுகிறது என்று பார்க்கச் சொன்னார்களாம். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் கங்கு எதற்கு? கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சிப் பார்ப்பதும் எனக்குப் பிடிக்காது. சந்தேகமான மூட்டில் தண்ணீரைத் தெளித்தால் ஓட்டை ஒரு கணம் அடைபட்டு ஐட்லிங் மாறும், அது போதும்.) அங்கே உள்ளே புகையைச் செலுத்தும் எந்திரம் வைத்துப் பார்த்தார்கள். மேனிஃபோல்ட் முனையில், குழாயின் அடிப்பக்கத்தில் பிளவு. மேலிருந்து பார்த்தால் ரப்பர் பளபளவென்று இருந்தது. கழற்றிக் கையில் வாங்கி வளைத்தேன். அடிப்பக்கம் எண்ணெய் குடித்துக் கெட்டித்து, வளைத்தவுடன் உதடு பிரிவதுபோல வாய் திறந்தது. விட்டால் மூடிக்கொண்டது. நேராக வைத்து எத்தனை நாள் உற்றுப் பார்த்தாலும் தெரிந்திருக்காது.

புதுக் குழாய் மாட்டியதும் ‘பி’யில் +2, ‘டி’யில் +2. நடுக்கம் போயிற்று. மச்சான் நிம்மதியாக ஏசியைப் போட்டான். ட்ரிம் மெல்ல இறங்க ஆரம்பித்து -13இல் போய் நின்றது.

இப்போது காற்று அதிகம் என்று மாஃப் பொய் சொல்கிறது, ஈசியூ கூடுதலாக ஊற்றியதை ஆக்சிஜன் சென்சார் குறைக்கச் சொல்கிறது. ஏசியை அணைத்தால் திரும்ப +2. இது காற்று வேலையில்லை, மின்வேலை.

ஒர்க்‌ஷாப்காரர் ஏற்கெனவே எர்த்தைச் சரிபார்த்ததாகச் சொன்னார். எப்படி? மீட்டரின் கன்டின்யூட்டி பஸ்ஸர் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து. பீப் என்றது, சரி. இந்தப் பழக்கத்தைப் பற்றி எனக்குத் தனியாகவே ஒரு பதிவு எழுத வேண்டும். பஸ்ஸர் பத்து, இருபது ஓம் இருந்தாலும் கத்தும். நூறு இழை உள்ள ஒயரில் ஒரே இழை மிச்சமிருந்தாலும் கத்தும். ஓம் நிலையில் வைத்தாலும் கைமீட்டர் 0.1 ஓமுக்குக் கீழே பிரித்துக் காட்டாது. அதன் புரோப் ஒயர்களே 0.2, 0.3 ஓம் இருக்கும். நாம் தேடும் கோளாறு அதைவிடப் பத்து மடங்கு சின்னது.

அதைப் பிடிக்க வேண்டுமானால் மின்னோட்டம் ஓடும்போதே பிடிக்க வேண்டும். கறுப்பு புரோப் பேட்டரியின் மைனஸ் முனையில், அதாவது ஈயத்தின் மேலேயே, கிளாம்ப்பின் மேல் இல்லை. சிவப்பு புரோப் மாஃப் இணைப்பானின் எர்த் ஒயரில். ஒயரின் மேலுறையைக் குத்திவிடாதீர்கள். இந்த ஊர் ஈரப்பதத்தில் ஊசித் துளை சீக்கிரமே உள்ளே பச்சை பிடிக்க வைத்துவிடும். இணைப்பானின் பின்பக்கமாக நுழையும் மெல்லிய ஊசிப் புரோப்கள் ஜாலான் புசார் சிம் லிம் டவரில் கிடைக்கும். (சிம் லிம் ஸ்கொயருக்குப் போய்த் தேடாதீர்கள், அது வேறு.) மீட்டர் டிசி மில்லிவோல்ட்டில். சிவப்புப் புரோப் 10 ஆம்பியர்த் துளையில் இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே இருந்தால் மீட்டர் வெறும் செப்புக் கம்பி, நீங்கள் தொடும் இடமெல்லாம் ஷார்ட். மீட்டரின் பேட்டரிச் சின்னம் மினுக்கினால் அதை முதலில் மாற்றுங்கள். பேட்டரி இறங்கிய மீட்டர் பல சமயம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும்.

எஞ்சின் ஓட்டத்தில், ஏசி இல்லாமல் 12 மில்லிவோல்ட், நல்லது. ஏசியைப் போட்டதும் ரேடியேட்டர் விசிறி கிர்ரென்று கிளம்பியது. எண் 110க்குத் தாவியது. விசிறி நின்றால் 12, ஓடினால் 110.

இந்த வண்டியில் மாஃபின் எர்த்தும் விசிறியின் எர்த்தும் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரே பாடி எர்த் போல்ட்டில் சேர்கின்றன. ஈசியூவுக்கு வேறிடம். எல்லாக் கார்களிலும் இப்படியில்லை, பலவற்றில் சென்சாரின் எர்த் நேரே ஈசியூவுக்கே போகும். ஒயரிங் படத்தைப் பார்க்காமல் பேசக் கூடாது. விசிறி 8 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், 0.1 வோல்ட் வித்தியாசத்துக்கு 0.0125 ஓம் போதும். பஸ்ஸர் எந்த ஜென்மத்திலும் அதைக் கண்டுபிடிக்காது. சென்சாரின் தரையே 0.1 வோல்ட் உயர்ந்துவிட்டால், ஈசியூவுக்கு அதன் சிக்னலும் 0.1 வோல்ட் உயர்ந்து தெரியும். ஐட்லிங்கில் சிக்னலே 1 வோல்ட் சொச்சம்தான். அந்த இடத்தில் 0.1 வோல்ட் என்பது காற்றில் பெரிய சதவீதம்.

போல்ட்டைக் கழற்றியபோது ரிங் டெர்மினலுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி. தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவிய பின், விசிறி ஓடும்போது 15 மில்லிவோல்ட்.

அப்புறம்தான் பழைய கதை முழுதாகப் பொருந்தியது. ஏசி போட்டால் விசிறி ஓடும், மாஃப் அதிகமாகச் சொல்லும். ஓட்டை விழுந்த குழாய் மாஃபைக் குறைவாகச் சொல்ல வைக்கும். +12இல் -13ஐச் சேர்த்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ‘டி’யில் +21 என்றாலும் மிச்சம் +8தான், அதற்கெல்லாம் ஈசியூ விளக்கைப் போடாது. ஏசி கெட்டிருந்த வாரங்களில் மட்டும் ஓட்டை தனியாக மாட்டிக்கொண்டது, விளக்கு எரிந்தது. ஏசி சரியானதும் இரண்டு கோளாறும் ஒன்றையொன்று மூடிக்கொண்டன. ஏசி இல்லாமல் யாரும் ஓட்டாத ஊரில் இது எத்தனை ஆண்டாக இப்படி ஓடிக்கொண்டிருந்ததோ. நடுக்கம் மட்டும் போகாததற்கும் காரணம் இருக்கிறது. ட்ரிம் என்பது எல்லாச் சிலிண்டருக்கும் சேர்த்து எடுத்த சராசரி. குழாய் நுழையும் இடத்துக்குப் பக்கத்துச் சிலிண்டர் அதிகக் காற்றை வாங்கிக்கொள்கிறது, சராசரி சரியானாலும் அதன் பங்கு சரியாவதில்லை.

பேச்சோடு பேச்சாக ஒன்று. காற்று வடிகட்டி அடைத்தால் பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்று வடிகட்டியை மாற்றச் சொல்கிறார்கள். மாஃப் உள்ள வண்டியில் அது பெரும்பாலும் நடக்காது. வடிகட்டி மாஃபுக்கு முன்னால் இருக்கிறது. குறைந்த காற்று வந்தால் மாஃப் குறைவாகச் சொல்லும், பெட்ரோலும் குறையும், முழு மிதியில் வலு போகும், அவ்வளவுதான். எண்ணெய் தடவிய, கழுவிப் போடும் வடிகட்டிகளைத்தான் நான் தவிர்ப்பேன். எண்ணெய் அதிகமானால் அது சூடான கம்பியில் போய்ப் படியும். துடைக்க வேண்டுமானால் மாஃபுக்கென்றே விற்கும் ஸ்பிரே, கம்பியைத் தொடாமல். பிரேக் கிளீனர் வேண்டாம்.

மேப் சென்சார் வைத்த கார்களில் இந்தக் கணக்கெல்லாம் அப்படியே பொருந்தாது. அது மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து காற்றை ஊகிக்கிறது. வோல்ட்மீட்டர் ஜாதி. ஓட்டை வழியே வந்த காற்றும் அழுத்தத்தை ஏற்றும், ஈசியூ அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றிவிடும். ட்ரிம் பெரிதாக அசையாது, ஐட்லிங் சுற்றுதான் ஏறி நிற்கும். முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எது என்று பாருங்கள்.

கடைசியில் டிக்கியில் கிடந்த பழைய மாஃபை மாட்டிப் பார்த்தோம். புதியது காட்டிய அதே 2.4 கிராம், தசம இடம் வரை. மச்சான் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் குலுக்கிவிட்டு, ஒன்றை எடுத்து மாட்டினான். இன்னொன்றைக் கரோசல் என்ற இணையச் சந்தையில் விற்கப் போட்டிருக்கிறான். அது பழையதா புதியதா என்று கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.